நறுக்கிய ஈரலா நான்?

ஆங்கில நாவலிலோ திரைப்படத்திலோ, “அப்படியானால் நான் என்ன, நறுக்கிய ஈரலா?” என்று ஒருவர் கேட்பதைக் கண்டு நம் வாசகருள் சிலர் திகைத்திருக்கக்கூடும். அகராதியைப் புரட்டினால் தனித்தனிச் சொற்களுக்குப் பொருள் கிடைக்கும். தொடரின் உட்பொருள் கிடைப்பதில்லை. அதனை அறிய, அது பிறந்த அடுக்களைக்கே நாம் செல்லுதல் வேண்டும்.

1880 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர் அமெரிக்காவில் குடியேறினர். அவர்தம் இத்திஷ் மொழியும் உணவு வழக்கங்களும் உடன் சென்றன. கோழி ஈரலைத் தம் சமயச் சட்டப்படி நெருப்பில் வாட்டி, வதக்கிய வெங்காயம், அவித்த முட்டை, உருக்கிய கோழிக்கொழுப்பு ஆகியவற்றோடு கொத்திப் பிசைந்து, ஓய்வுநாள் விருந்தில் அவர்கள் பரிமாறுவர். எனினும் அது தொடக்கத்தில் வரும் சிற்றுணவே. பின்னர் வரும் இறைச்சியே விருந்தின் தலைமையுணவு. ஈரலுக்குச் சுவையில் குறைவில்லை, இடத்தில்தான் குறைவு.

இதனின்றே இவ்வழக்குப் பிறந்தது என்பர். “அது நறுக்கிய ஈரல் அன்று” என்றால், ‘அது அற்பமானதன்று’ என்பது கருத்து. தன்னைக் குறித்து வினாவாகக் கேட்டாலோ, ‘நானும் இங்கே இருக்கிறேனே, என்னை ஏன் எண்ணவில்லை?’ என்பது பொருள். நெருங்கியவரிடம் பாதி விளையாட்டாகவும் பாதி மனத்தாங்கலாகவும் சொல்லத்தக்கது இது. அலுவலகக் கடிதத்தில் எழுதத்தக்கதன்று.

நம் மொழியில் கறிவேப்பிலையை உவமை கூறுகிறோம். ஆனால் கறிவேப்பிலை, பயன்பட்டபின் எறியப்படுவது. ஈரல் எறியப்படுவதில்லை, அனைவரும் உண்கின்றனர், எவரும் அதைப் பேசுவதில்லை. இந்த நுண்ணிய வேறுபாட்டிலேதான் நமக்கொரு பாடம் இருக்கிறது.

முதிய பெற்றோருடன் தங்கி, வேளைதோறும் மருந்து கொடுத்து, இரவெல்லாம் விழித்திருப்பவள் மகள். வீட்டிற்கு வருவோரிடம் அப்பெற்றோர் பெருமையோடு பேசுவதோ, ஆண்டுக்கொருமுறை வெளிநாட்டிலிருந்து வரும் மகனைப் பற்றி. அவளை யாரும் துரத்தவில்லை, வெறுக்கவுமில்லை. எண்ணத்தான் மறந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே, “அப்போ நான் யாரம்மா?” என்று கேட்டால், அதனை வேடிக்கையென்று தள்ளிவிடலாமா? கேட்கிறவளுக்கு நம்மிடம் இன்னும் உரிமையும் நம்பிக்கையும் இருக்கின்றன. கேட்பதையே விட்டுவிட்டவர்களைப் பற்றியன்றோ நாம் கவலைப்பட வேண்டும்!

அடுத்தமுறை விருந்தினர் வரும்போது, அம்மகளின் பெயரை முதலில் சொல்வோம். அவள் காதில் விழும்படியே சொல்வோம்.