நிலத்தை விற்றவர், வாய்க்காலைத் தந்தவர்: யார் இந்த கடலூர் அஞ்சலை அம்மாள்?

2024 அக்டோபர் 27-ல் விக்கிரவாண்டி வி.சாலையில் நடந்த தமிழக வெற்றிக் கழகத்தின் முதல் மாநில மாநாட்டில் பெரியார், காமராஜர், அம்பேத்கர், வேலு நாச்சியார் வரிசையில் இன்னொரு பெண்ணின் கட்-அவுட்டும் நின்றது. ‘இவங்க யாரு?’ என்ற கேள்வி பலருக்கும் வந்திருக்கும். அவர்தான் அஞ்சலை அம்மாள்.

விடுதலைப் போராட்ட வீராங்கனை என்பது ஒற்றை வரி பதில். ஆனால் அவருடைய கதை, விவசாயத்தையும் நெசவையும் நம்பியிருந்த ஒரு கடலூர் குடும்பத்தின் வரவு செலவுக் கதையும்கூட.

துணி வாங்க வந்த கம்பெனி

1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனி. அதுதான் செயின்ட் டேவிட் கோட்டை. இந்தக் கரையில் அவர்கள் தேடி வந்த முக்கியமான சரக்கு, துணி. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனதும், சில ஆண்டுகள் கம்பெனியின் தலைமையிடமாகவே கடலூர் இருந்தது.

சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1890-ல் கடலூர் முதுநகரில் பிறந்தார் அஞ்சலை. திண்ணைப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. கணவர் முருகப்பா பத்திரிகை ஏஜென்ட். குடும்பத்துக்குச் சோறு போட்டது விவசாயமும் தறியும்தான். ஆனால் துணி ஏற்றுமதியான ஊரில், அப்போது இங்கிலாந்து மில் துணி வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அந்நியத் துணி வேண்டாம், கதர் உடுத்துங்கள் என்று காங்கிரஸ் சொன்னபோது, ஒரு நெசவுக் குடும்பத்துக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஏன் நிலத்தை வித்தாங்க?

1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார் அஞ்சலை. தென்னிந்தியாவிலிருந்து அந்தப் போராட்டத்துக்கு வந்த முதல் பெண் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

போராட்டம் என்றால் செலவு. சம்பளம் கிடையாது. ஊர் ஊராகப் போக வேண்டும், சிறைக்குப் போனால் வீட்டில் தறி ஓடாது. அந்தச் செலவை ஈடுகட்ட குடும்ப நிலத்தை விற்றார்கள், பிறகு குடியிருந்த வீட்டையும் விற்றார்கள். உழைத்துச் சேர்த்த முதல் மொத்தமும் போனது. திரும்பி வராது என்று தெரிந்தே செய்த செலவு அது.

மகளோடு சிறைக்கு

1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கியவர் ஜேம்ஸ் நீல். அவருக்குச் சென்னை மவுன்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை அகற்றக் கோரி 1927-ல் நடந்த சத்தியாகிரகத்தில் அஞ்சலையோடு ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவும் கலந்துகொண்டு சிறைக்குப் போனாள். அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்து, தன் ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார் காந்தி. இந்த லீலாவதிதான் பின்னாளில், மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைத் தமிழாக்கிய ஜமதக்னியை மணந்தவர்.

1930-களின் தொடக்கத்தில் கர்ப்பிணியாகவே சிறையில் இருந்தார் அஞ்சலை. பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். குழந்தை பிறந்ததும் மறுபடியும் சிறை. அந்தப் பிள்ளைக்கு ‘ஜெயில் வீரன்’ என்று பெயர், பிறகு அது ஜெயவீரன் ஆனது.

1934-ல் காந்தி கடலூர் வந்தபோது அஞ்சலையைச் சந்திக்கத் தடை இருந்தது. பர்தா அணிந்து, குதிரை வண்டியில் போய் அவரைப் பார்த்துவிட்டார் என்பது ஊரில் இன்றும் சொல்லப்படும் கதை. ‘தென்னாட்டின் ஜான்சி ராணி’ என்று காந்தி அவரை அழைத்ததாகவும் சொல்வார்கள்.

பதவி வந்த பிறகு?

1937 தேர்தலில் வென்று சென்னை மாகாண சட்டமன்றத்துக்குப் போனார். அதே ஆண்டு, ராஜாஜி அரசு நீல் சிலையை மவுன்ட் ரோட்டிலிருந்து அகற்றி மியூசியத்துக்கு அனுப்பியது.

ஆனால் அவருடைய பெயர் தண்ணீரில்தான் நிற்கிறது. சிதம்பரம் வட்டாரத்தில் உள்ள தீர்த்தாம்பாளையம் தண்ணீருக்குத் தவித்த கிராமம். வீராணம் கால்வாயிலிருந்து அந்த ஊருக்கு ஒரு கிளை வாய்க்கால் கிடைக்கச் செய்தார். மக்கள் அதை ‘அஞ்சலை வாய்க்கால்’ என்றே கூப்பிட்டார்கள். நிலம் வைத்திருந்து இழந்தவருக்கு, வாய்க்கால் தண்ணீரின் அருமை தெரியாதா என்ன?

கடைசிக் காலத்தில் சிதம்பரம் அருகே சி.முட்லூரில் மகன் ஜெயவீரனுடன் தங்கி விவசாயம் பார்த்தார். 1961 பிப்ரவரி 20-ல் காலமானார்.

2004 முதல் வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் வருகிறது. ஐடி கம்பெனிக்காரர்கள் வீட்டு டேங்க் வரைக்கும் தெரிந்த பெயர் அது. அதே ஏரித் தண்ணீரைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சின்ன கிராமத்துக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தவர், ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு நெசவுக்காரப் பெண்.