காதைக் குடையாதீர்கள்

திருமுல்லைவாயிலில் இருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களில் பலர், மெஷின் இரைச்சலுக்காகக் காதில் அடைப்பான் வைக்கிறார்கள். அடைப்பானோ இயர்போனோ நெடுநேரம் காதில் இருந்தால், குறும்பி வெளியே வர வழியின்றி உள்ளேயே சேரலாம். அதற்காக வேலை நேரத்தில் அடைப்பானைக் கழற்றிவிடாதீர்கள். இரைச்சலால் போன செவித்திறன் திரும்பாது, குறும்பியை எடுத்துவிடலாம்.

குறும்பி வெறும் அழுக்கு அல்ல. தூசியும் கிருமியும் உள்ளே போகாமல் காக்க உடம்பே சுரப்பது. பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 சென்டிமீட்டர் நீளம்தான். அதன் வெளிப்பகுதியில் சுரக்கும் குறும்பி, நாம் பேசும்போதும் மெல்லும்போதும் தாடை அசைய அசையத் தானே வெளியே நகரும். பட்ஸ், ஹேர்பின், ஊக்கு, வண்டிச் சாவி, எதை விட்டுக் குடைந்தாலும் குறும்பி செவிப்பறைப் பக்கம் போய் இறுகும். செவிப்பறை கிழியவும் கூடும்.

காது அடைத்தாற்போல் இருந்தால், குறும்பியை இளக்கும் சொட்டு மருந்தை மருத்துவரைக் கேட்டு விடுங்கள். வலியோ சீழோ இருந்தாலும், செவிப்பறையில் ஓட்டை இருந்தாலும் எதையும் ஊற்றக் கூடாது. பூண்டு போட்டுக் காய்ச்சிய சூடான எண்ணெய் எப்போதுமே வேண்டாம்.

சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. மின்சார ரயிலில் ஏறினால் போய்விடலாம். காது மந்தமானால் தள்ளிப்போடாமல் போய்க் காட்டுங்கள்.