விஆர், ஏஆர் ஹெட்செட்: எது எதற்கு உதவும்?

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கெடிலம் ஆற்றுக்கு அருகே, புனித டேவிட் கோட்டையின் மிச்சங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர் 1690இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கிய கோட்டை இது. பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலமும் சேர்த்து விற்கப்பட்டதால், சுற்றியிருந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். 1758இல் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்துத் தகர்த்தது. இன்று அங்கே போகும் மாணவருக்குக் கோட்டையின் உருவம் பிடிபடாது.

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம். சுமார் 1,100 ஹெக்டேர் சதுப்புநிலக் காடு. 2022 முதல் ராம்சர் தளம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். படகில் ஏற முடியாத முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் அதன் உட்கால்வாய்கள் எட்டாதவை.

இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து வெவ்வேறு. கோட்டை நின்ற இடத்தில் நின்றபடி, பழைய மதிலை அந்த இடத்தின் மேலேயே காட்ட வேண்டும். அதுதான் ஏஆர் எனும் மிகை மெய்மை. பிச்சாவரத்தையோ வீட்டுக்கே கொண்டுவர வேண்டும். பார்ப்பவரின் கண்ணிலிருந்து சுற்றுப்புறத்தை முழுக்க மறைத்து வேறொரு இடத்தைக் காட்டுவது விஆர் எனும் மெய்நிகர் மெய்மை. ஹெட்செட் வாங்கும் முன் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

போனைச் செருகிப் பார்ப்பவை

திருவிழாவில் பார்த்த பயாஸ்கோப் பெட்டியின் பேரன் என்று இவற்றைச் சொல்லலாம். திரையில் இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என இரண்டு படங்கள். நடுவில் இரண்டு வில்லைகள். 2014இல் வந்த கூகுள் கார்ட்போர்டு வெறும் அட்டையால் ஆனது. 2023இல் ஜியோடைவ் 1,299 ரூபாய்க்கு வந்தது. தலையைத் திருப்பினால் படமும் திரும்பும். எழுந்து நடந்தால் படம் நகராது. படகில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் எடுத்த 360 பாகைப் படத்துக்கு இது போதும்.

கணினியோடு இணைப்பவை

2016இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட், எச்டிசி வைவ் ஆகியவை இந்த ரகம். கணக்கீடு எல்லாம் கணினியில் நடப்பதால் படம் துல்லியமாக இருக்கும். நடந்தாலும் குனிந்தாலும் காட்சி அதற்கேற்ப மாறும். ஆனால் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். பொறியியல் வடிவமைப்பு, அறுவைச் சிகிச்சைப் பயிற்சி போன்ற வேலைகளுக்கு ஏற்றது.

தனித்தே இயங்குபவை

செயலி, திரை, பேட்டரி எல்லாம் ஹெட்செட்டுக்குள்ளேயே இருக்கும். 2019இல் வந்த ஆக்குலஸ் குவெஸ்ட் இந்த வகையைப் பரவலாக்கியது. அதன் வழிவந்த மெட்டா குவெஸ்ட் 3, 2023இல் வந்தது. எடை 515 கிராம். முன்பக்க கேமராக்கள் அறையை அளந்து, நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் கணக்கிடுகின்றன. சார்ஜ் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். வகுப்பறைக்கு வாங்குவதென்றால் இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும்.

வெளியுலகை மறைக்காதவை

ஏஆர் ஹெட்செட்டுகளில் இரண்டு வழிகள் உண்டு. மைக்ரோசாஃப்ட் ஹோலோலென்ஸில் கண்ணாடி வழியே வெளியுலகை நேரடியாகப் பார்க்கலாம். உருவங்கள் அந்தக் கண்ணாடியில் ஒளியாகத் தோன்றும். 2024இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. குவெஸ்ட் 3, ஆப்பிள் விஷன் புரோ ஆகியவை இரண்டாம் வழி: கேமரா பிடித்த வெளியுலகத்தைத் திரையில் காட்டி, அதன்மேல் உருவங்களைச் சேர்க்கின்றன. விஷன் புரோ 2024இல் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்தது.

கேமராவும் ஸ்பீக்கரும் மட்டும் கொண்ட ஸ்மார்ட் கண்ணாடிகள் வேறு. திரையே இல்லாத கண்ணாடி எந்த உருவத்தையும் காட்டாது. கடையில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கடலூர் கடற்கரை வெயிலில், ஹோலோலென்ஸ் போன்றவற்றின் கண்ணாடியில் ஒளியாகத் தோன்றும் உருவங்கள் மங்கிவிடும். கோட்டையைக் காட்டுவதற்கு, கையில் இருக்கும் ஸ்மார்ட்போனே இன்றைக்குச் சிறந்த ஏஆர் கருவி.

கவனிக்க வேண்டியவை

தலை திரும்பியபின் படம் மாறச் சுமார் 20 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் தலைசுற்றலும் குமட்டலும் வரலாம். முதல் முறை உட்கார்ந்து, சில நிமிடங்கள் மட்டும் பாருங்கள். வலிப்பு நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது. மெட்டா தன் கருவிகளுக்கு 10 வயதைக் கீழ்வரம்பாக வைத்திருக்கிறது. கண்களுக்கு இடையேயான தூரம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் வில்லைகளை நகர்த்திச் சரிசெய்யும் வசதி வேண்டும். வில்லையில் நேர் வெயில் படவிடாதீர்கள். அது வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைக் கருக்கிவிடும்.

கருவியை எந்த நிறுவனத்திடமிருந்தும் வாங்கிவிடலாம். பிச்சாவரத்தின் கால்வாய்களையும் புனித டேவிட் கோட்டையின் மதிலையும் அதற்குள் பதிய வேண்டியவர்கள் நாம்தான். நம் மாவட்டக் கல்லூரிகளும் சுற்றுலா, தொல்லியல் துறைகளும் ஹெட்செட்டுக்குப் பணம் ஒதுக்கும் முன் அந்தப் படங்களை எடுக்கத் தொடங்க வேண்டும். காட்டுவதற்குப் படம் இல்லாத ஹெட்செட் வீண் செலவு.