பழுதில்லாத காருக்குத் திருத்தம் வேண்டுமா?

திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகிலுள்ள ஸ்ரீவராகத்தில், எட்டு ஆண்டுகளாக ஒரு தொல்லையும் தராமல் ஓடிவரும் மோட்டார் கார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் விற்பனை முகவரிடமிருந்து, ஓர் உறுப்பை இலவசமாக மாற்றித்தர விரும்புவதாகக் கடிதம் வருகிறது. நன்றாக ஓடும் வண்டியை எதற்காகப் பிரிக்க வேண்டும் என்று உரிமையாளர் தயங்குகிறார். இத்தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடலாகாது. பணிமனையில் பிரிக்கப்பட்ட வண்டி புதிய தொல்லையுடன் திரும்பி வருவதும் உலகில் நடக்கிற காரியமே. ஆயினும், தொல்லையின்றி ஓடியது என்னும் அனுபவம் எந்த உறுப்பின் நலத்துக்குச் சான்றாகிறது, எதற்குச் சான்றாகாது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

பிரேக்கு, கிளட்சு, டயர் முதலியவை அன்றாடம் வேலை செய்பவை. அவை தேயும்போது ஒலியாலோ, அதிர்வாலோ, மிதியின் தளர்ச்சியாலோ முன்னறிவிப்புச் செய்கின்றன. இவற்றின் மட்டில் நல்ல அனுபவம் நல்ல சான்றுதான். ஆனால் காற்றுப்பை அவ்வாறானதன்று. மோதல் நேரும் வரை அது வேலை செய்வதேயில்லை. எட்டு ஆண்டுக் காலம் அது அமைதியாக இருந்தது என்பதிலிருந்து, அது செம்மையாக உள்ளது என்றோ கெட்டுவிட்டது என்றோ யாரும் கூற இயலாது.

டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மோதலின்போது காற்றுப்பை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கிற்கும் குறைந்த நேரத்தில் விரிய வேண்டும். இதற்காக ஓர் உலோகக் கூட்டுக்குள் திட எரிபொருள் வில்லைகள் வைக்கப்படுகின்றன. அவை எரிந்து எழுப்பும் வாயுவே பையை நிரப்புகிறது. டகாட்டா இவ்வில்லைகளை அமோனியம் நைட்ரேட்டால் செய்தது. இவ்வுப்பின் குணத்தை வேளாண்மைப் பணியாளர்கள் நன்கறிவர். அது சேர்ந்த உர மூட்டையைத் திறந்து வைத்தால், காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிப்பட்டுப் போகிறது. காற்றுப்பைக் கூட்டினுள்ளும் ஈரம் மெல்லப் புகுந்தது. பகலில் வெயிலில் சூடேறி இரவில் குளிர்வது ஆண்டுக்கணக்கில் நிகழவே, வில்லைகளின் இறுக்கம் குலைந்து நுண்துளைகள் பெருகின.

அதனால் விளைவது என்ன? திருவனந்தபுரத்து மாணவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் முதல் ராக்கெட்டு ஏவப்பட்ட தும்பா அவர்களுடைய ஊரிலேயே உள்ளது. திட எரிபொருளில் வெடிப்பு விழுந்தால், தீப்பற்றும் பரப்பு பெருகி, வாயுவும் அழுத்தமும் கணக்குக்கு மீறி உயரும் என்பது ராக்கெட்டு நூலின் முதற்பாடங்களுள் ஒன்று. காற்றுப்பையிலும் இதுவே நேர்ந்தது. வில்லைகள் அளவுக்கு மீறிய வேகத்தில் எரிய, உலோகக் கூடு வெடித்து, அதன் சிதறல்கள் பையைக் கிழித்துக்கொண்டு ஓட்டுபவர்மீது பாய்ந்தன. காக்க வைத்த கருவியே காயம் செய்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 இலட்சம் உறுப்புகள் திரும்பப் பெறுதலுக்கு உள்ளாயின. நிறுவனம் 2017-இல் நொடித்துப் போயிற்று.

காலம், ஈரம், மாறி மாறி வரும் வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இக்கேட்டை விளைவிக்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஆகவேதான் அங்கு, புளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளின் கார்களுக்கு முதலிடம் தரப்பட்டது. மலேசியாவின் சரவாக்கில் 2014-இல் ஹோண்டா சிட்டி காரை ஓட்டிச் சென்ற பெண் ஒருவர் இத்தகைய வெடிப்பால் உயிரிழந்தார். நமது கரையோரத்து நகரங்களின் தட்பவெப்பம் மலேசியாவினுடையதை ஒத்தது. குளிர்ந்த, உலர்ந்த நாட்டில் ஓடும் அதே காரைவிட, ஸ்ரீவராகத்துத் தெருவில் வெயிலில் நிற்கும் காருக்கு இக்கடிதம் அதிகம் பொருந்தும். இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் 2018 சனவரியில், 2013-ஆம் ஆண்டில் செய்த 22,834 கார்களை இதன் பொருட்டுத் திரும்ப அழைத்தது.

குறையுள்ள ஒவ்வொரு காற்றுப்பையும் வெடித்துவிடும் என்று எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை, பெரும்பாலானவை வெடிக்கவில்லை. ஆயினும் 2001 முதல் 2003 வரை அமெரிக்காவில் விற்பனையான சில ஹோண்டா கார்களின் உறுப்புகளைச் சோதித்தபோது, 50 விழுக்காடு வரை வெடித்தன. அவை சோதனைக்கு வரும் வரையில் அக்கார்களும் நம் உதாரணக் காரைப் போலத் தொல்லையின்றித்தான் ஓடியிருக்கும்.

எரிபொருள் பம்பு இடைப்பட்ட வகையைச் சேர்ந்தது. 2020 சூனில் அதே நிறுவனம் 65,651 கார்களைப் பம்புக்காக அழைத்தது. இத்தகைய பம்புகள் சிலவற்றில், உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சிப் பருத்துக் கூட்டில் உராயக் கூடும். உராய்ந்தால் எஞ்சின் கரடுமுரடாக ஓடலாம், அல்லது சாலை நடுவே சட்டென்று நின்றுவிடலாம். முன்னறிவிப்பு வந்தாலும் வரலாம். அதை நம்பிக் காத்திருப்பது சரியன்று.

கார் நிலையத்தார் செய்ய முன்வரும் வேலைகள் எல்லாம் இவ்வளவு கருதத்தக்கவை அல்ல. பாதுகாப்புக் குறைக்காகத் திரும்ப அழைத்தால் நாள் கடத்தாமல் செல்க. கதவின் இரைச்சலைக் குறைத்தல், திரையின் மென்பொருளைப் புதுப்பித்தல் போன்ற இலவசத் திருத்தங்களை அடுத்த பராமரிப்பின்போது செய்துகொண்டால் போதும். காசு கேட்கும் ‘சிறப்பு’ வேலைகளை உற்பத்தியாளரின் கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் காணப்படாத எஞ்சின் கழுவலை நலமாக உள்ள வண்டிக்குச் செய்யக் காரணம் எதுவும் இல்லை. உப்புக் காற்று வீசும் ஊரில் அடிப்பாகத்துத் துருத்தடுப்புப் பூச்சு பயன் தரக்கூடும். ஆனால் ஈரமும் அழுக்கும் நீங்காத தகட்டின்மீது பூசினால், துருவை உள்ளே பூட்டி வைத்தது போலாகும். நீர் வடியும் துளைகள் அடைபடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் 2012-இல் உற்பத்தியாளர் சங்கம் தானே முன்வந்து திரும்ப அழைக்கும் ஒழுங்குமுறையை வகுத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, மத்திய அரசு திரும்ப அழைக்குமாறு ஆணையிடும் அதிகாரம் பெற்றது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இவை ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே பொருந்துகின்றன. ஈரத்தால் விளையும் கேடு முற்றுவதோ ஆண்டுகள் பல கழிந்த பின்னரே. ஆகையால், பழைய காருக்குத் தாமாக அனுப்பப்படும் அழைப்பை உரிமையாளர் இலேசாகக் கருதலாகாது.

பழைய கார் வாங்கியவர்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. கடிதம் முதல் உரிமையாளரின் முகவரிக்கே சென்றிருக்கும். பதிவுச் சான்றிதழிலுள்ள சேசிஸ் எண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்திலோ, விற்பனை நிலையத்திலோ கொடுத்தால், அவ்வண்டிக்கு முடிக்கப்படாத அழைப்பு ஏதும் உளதா என்று அறியலாம். மாற்றிய பிறகு, உறுப்பின் எண்ணும் நாளும் குறித்த சீட்டைக் கேட்டுப் பெற்று, வாகனப் பத்திரங்களோடு வைத்துக்கொள்க. அமெரிக்காவில் டகாட்டா காற்றுப்பைகள் சிலவற்றுக்குப் பதிலாக முதலில் அதே வகையையே பொருத்தினர். அவற்றைப் பின்னர் மறுபடியும் மாற்ற நேர்ந்தது.