நோய் இன்னதென்று அறியுமுன்

அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கென்று ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் வகுத்துரைத்தனர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவர் என்பன அவை. இப்பகுதியை யாம் வகுப்பிற் பயின்ற அதே வாரத்தில், இந்நான்கனுள் எதனுள்ளும் அடங்காத ஓர் அச்சம் எம்மைப் பற்றிற்று. அது நோயைக் கண்டு எழுந்த அச்சமன்று. நோய் உளதோ இலதோ என்று அறியாது காத்திருத்தலால் எழுந்தது. பழைய உரையாசிரியர் எவரேனும் உடனிருந்திருப்பின், இதனையும் அணங்கின்பாற் படுத்து அமைதி கூறியிருப்பர் போலும்.

நிகழ்ந்ததைக் கூறுவாம். சென்ற ஆகஸ்டு மாதத்தில் ஒருநாட் காலை, எழுதுகோலை எடுத்தபொழுது வலக்கையின் சிறுவிரலும் அதனை அடுத்த விரலும் மரத்திருக்கக் கண்டோம். கைமேல் தலைவைத்து உறங்கியதன் பயனென்று பொருட்படுத்தாது விட்டோம். வாரம் ஒன்று கழிந்தும் அது நீங்கிற்றில்லை. பின்னர்க் கெண்டைக்காலின் தசை தானே துடிக்கலாயிற்று. ஓரிரவு இடக்கண்ணின் பார்வையும் சிறிது மங்கியதாகத் தோன்றிற்று. உடனே கைபேசியை எடுத்து இம்மூன்று குறிகளையும் எழுதித் தேடினோம். யாம் செய்த பிழைகளுள் தலையாயது அதுவே. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றும், மோட்டார் நியூரான் நோய் என்றும், முன் கேட்டறியாத பெயர்கள் அணியணியாய் வந்து நின்றன. விடியுமளவும் உறக்கமில்லை.

இத்தகைய தேடலில் உள்ள குறை யாதெனின், அரிய நோயும் எளிய காரணமும் அங்கே ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன என்பதே. முழங்கையின் உட்புறத்தே, இடித்துக்கொண்டால் மின்னல் பாய்ந்தாற்போலத் தோன்றும் ஓரிடம் உண்டன்றோ? அவ்விடத்துச் செல்லும் நரம்பு அழுந்தினால் அவ்விரு விரல்களே மரத்துப்போகும். மேசையில் முழங்கையை ஊன்றி நெடுநேரம் படிப்பார்க்கு இஃது இயல்பு. பி 12 என்னும் ஜீவசத்துக் குறைவினாலும், நீரிழிவினாலும் கைகால் மரத்தல் உண்டு. தசைத் துடிப்போவெனில், வலுக்குறைவு இல்லாதவிடத்து நல்ல தேகமுடையார்க்கும் நிகழ்வது. களைப்பு, உறக்கமின்மை, காப்பி, கவலை என்பவற்றால் மிகுவது. நோய்களைப் பற்றிப் பயிலும் மருத்துவ மாணவரே அந்நோய்கள் தமக்கு உண்டெனக் கருதி நடுங்குதல் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆனால் இவையெல்லாம் யாம் பின்னர்க் கற்றவை. அன்றிரவு கண்ணிற் பட்டவை கொடிய பெயர்கள் மட்டுமே.

நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் பெரிய கருவி எதனையும் முதலில் எடுத்திலர். விரல்களை விரிக்கச் சொல்லித் தம் விரலால் அழுத்திப் பார்த்தார். சிறு சுத்தியால் முழங்காலைத் தட்டினார். நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவை ஒன்றைக் கணுக்கால் எலும்பின்மீது வைத்து, அதிர்வு எப்பொழுது அடங்குகிறது என்று வினவினார். கண்ணுள் ஒளி பாய்ச்சி நோக்கினார். உள்ளங்காலைக் கூரிய முனையாற் கீறினார். கீறுங்கால் பெருவிரல் மேல்நோக்கி எழுமாயின் மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் வரும் பாதையிற் பழுதுண்டென்பதை 1896-ஆம் ஆண்டில் ஜோசப் பாபின்ஸ்கி என்னும் பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்டார். எம் விரல் கீழ்நோக்கியே மடங்கிற்று. "அஞ்சத்தக்கது ஒன்றும் இப்பொழுது காணவில்லை, ஆயினும் நரம்புச் சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்," என்றார் மருத்துவர். சோதனைக்குக் கிடைத்த நாள் இருபத்திரண்டு நாள் கழித்து. அவர் கூற்றின் பிற்பாதி மட்டுமே எம் செவியில் நின்றது. அரைமணி நேரச் சோதனையில் அவர் விலக்கிவிட்ட நோய்கள் எத்தனை என்பது அன்று எமக்கு விளங்கவில்லை.

காத்திருந்த நாள்களில் அச்சம் தானே குறிகளைப் பெருக்கிற்று. இது வெறும் மனமயக்கமன்று, தேகத்தின் தொழிற்பாடு. அச்சம் மேலிடுங்கால் அட்ரினலின் குருதியிற் கலக்கின்றது, இருதயம் விரைகின்றது, மூச்சு மிகுகின்றது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து வால்ட்டர் கானன், அச்சத்தாலும் சினத்தாலும் தேகத்தில் நிகழும் மாறுதல்களை 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். மூச்சு அளவிறந்து ஓடினால் குருதியிலுள்ள கரியமில வாயு குறைகின்றது. அது குறையவே உதட்டைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி தோன்றும், தலை கிறுகிறுக்கும், பார்வையும் மங்கலாம். இதனை அறியாதவன் நோய் முற்றியதென எண்ணி மேலும் அஞ்சுவான். மேலும் மூச்சு வாங்குவான். யாமும் விடுதித் தாழ்வாரத்தில் நள்ளிரவிற் குதிகாலால் நடந்து பார்த்தோம்; விரல்களை நூறு முறை மடக்கி நீட்டினோம். நூறு முறை மடக்கிய விரல் சோர்ந்தது. சோரவே, "வலுக்குறைந்தது" என்று அழுதோம்.

தீமை வருவது உறுதியென்று அறிந்தவனைவிட, வருமோ வாராதோ என்றிருப்பவனே மிகத் துன்புறுகின்றான் என்பதை 2016-ஆம் ஆண்டில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர் சோதித்துக் காட்டினர். 45 பேரைக் கணிப்பொறி முன் அமர்த்தி, பாறைகளின்கீழ்ப் பாம்பு உண்டா இல்லையா என ஊகிக்கச் செய்தனர். பாம்பு இருப்பின் கையில் மின்னதிர்ச்சி. அதிர்ச்சி உறுதியென்று தெரிந்தபொழுதைவிட, பாதிக்குப் பாதி என்றிருந்தபொழுதே வியர்வையும் கலக்கமும் மிக்கிருந்தன. இதனைப் படித்தபின் எமக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று. எம் நடுக்கம் நோயின் அளவைக் காட்டுவதன்று. அறியாமையின் அளவையே காட்டுவது.

ஆயினும், எல்லார்க்கும் ஈற்றில் ஒன்றுமில்லையாகும் என்று சொல்லத் துணியோம். ஸ்டீபன் ஹாக்கிங் 1963-ஆம் ஆண்டில், 21 வயது நிரம்பிய மாணவராயிருந்தபொழுது, இரு வாரம் மருத்துவமனையிற் சோதிக்கப்பட்டார். கையினின்று தசைத்துண்டு எடுத்தனர். முதுகுத் தண்டினுள் நீரேற்றி எக்ஸ்-ரே கதிராற் பார்த்தனர். பின்னும், அது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அன்று என்பதன்றித் தெளிவாக ஒன்றும் கூறிற்றிலர். அவரும் மேற்கொண்டு வினவவில்லை. அவர்க்கு வந்தது உண்மையிலேயே மோட்டார் நியூரான் நோய். இரண்டாண்டே வாழ்வார் என்றனர்; 2018 வரை வாழ்ந்தார். அத்தகைய நெடுவாழ்வு அந்நோயாளர்க்கு மிக அரிது. எல்லாவற்றையும் அறிய விழைவாரும் உளர். கேளாதிருப்பதே நலமென்பாரும் உளர். இருசாராரையும் கோழையர் என்னற்க.

யாம் கைக்கொண்டவை சில. கைபேசித் தேடலை அறவே விட்டோம்; இஃது எழுதுதற்கு எளிது, செய்தற்கு அரிது; இருமுறை தவறினோம். ஒரு குறிப்பேட்டில் மாலை ஒருமுறை மட்டும், என்ன குறி, எவ்வளவு நேரம், அப்பொழுது என்செய்துகொண்டிருந்தோம் என்று எழுதினோம். மருத்துவர்க்குப் பயன்படுவது அதுவே. பத்து நாட் குறிப்பைப் புரட்டியபொழுது, மரத்தல் பெரும்பாலும் படிப்பின் பின்னரே நிகழ்ந்தமை தெரிந்தது! கவலைப்படுதற்கென மாலையிற் கால்மணி நேரம் ஒதுக்கினோம். பிற வேளைகளில் எழுந்த கவலையை "ஆறு மணிக்கு வா" என்று திருப்பியனுப்பினோம். தோழர் நகைத்தனர், ஆயினும் பயன் கண்டோம். இரவில் மூச்சை மெல்ல உள்வாங்கி, அதனினும் மெல்ல வெளிவிட்டோம்.

அஞ்சாதே என்று திருமறையிற் பலவிடத்தும் வருதலைப் பெரியோர் ஒருவர் அன்புடன் எடுத்துக் காட்டினார். உள்ளதைச் சொல்லின், அது அப்பொழுது எம்மைக் கடிந்ததுபோலவே இருந்தது. கெத்செமனேத் தோட்டத்தில் ஆண்டவரே மனங்கலங்கி, உடன் விழித்திருக்குமாறு சீடரை வேண்டினார் என்பதே எமக்குத் துணையாயிற்று. அதன்பின்னரே, அதுகாறும் மறைத்ததை அன்னையார்க்குத் தொலைபேசியிற் கூறினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்றே முதலிற் கேட்டார். பின், "அன்றைக்கு நான் வந்துவிடுகிறேன்," என்றார்.

ஒன்று மட்டும் அழுத்திக் கூறல் வேண்டும். எல்லாவற்றிற்கும் காத்திருத்தல் தகாது. முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கையோ காலோ திடீரென விழுதல், நாக்குழறல், முன் அறியாத கடுந்தலைவலி, வலிப்பு, கால் வலுவிழத்தலோடு சிறுநீர் அடக்கமின்மை என்பன தோன்றின், அக்கணமே மருத்துவமனை செல்க. மூளைக் குருதிக்குழாய் அடைப்பிற்குக் கட்டியைக் கரைக்கும் மருந்து பெரும்பாலும் நான்கரை மணி நேரத்துக்குள் இடப்படவேண்டுவது.

எமக்குரிய நாள் வருகிற செவ்வாய்க்கிழமை. இக்கட்டுரையை இதழாசிரியரிடம் சேர்ப்பிக்கும் இன்று, சிறுவிரல் இன்னும் சிறிது மரத்தேயிருக்கின்றது. அன்னையார் காலை ஏழு மணிப் பேருந்தில் வருகின்றனர். குறிப்பேட்டில் இன்னும் இரண்டு பக்கம் எழுதப்படாது கிடக்கின்றது.