விலையில்லாப் பொருளுக்கு விளம்பரம்

கால அட்டவணையில் இடம்பெறாத வண்டியில் ஏறுவார் எவரும் இலர். இருபதாண்டுகளுக்கு முன் கட்டற்ற மென்பொருளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. 'கட்டற்றது' என்றால் இலவசமானது என்பது மட்டும் அன்று; எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் நான்கு உரிமைகளும் அதில் அடங்கும்.

2004 நவம்பரில் 'பயர்பாக்ஸ்' இணைய உலாவியின் 1.0 பதிப்பு வெளிவந்தது. விண்டோஸ் கணிப்பொறியுடன் எக்ஸ்புளோரர் தானே வந்துவிடும்; வேறொன்று உண்டென்பதையே பலர் அறியார். ஆகவே பயன்படுத்தியவர்களே தூதுவராயினர். அவ்வாண்டு டிசம்பரில் ஆயிரக்கணக்கானோர் பொருளுதவி செய்து, நியூயார்க் டைம்ஸ் இதழில் இரு பக்க விளம்பரம் வெளியிடச் செய்தனர். 2005 இறுதியில் மொஸில்லா நிறுவனத்தார் 'பயர்பாக்ஸ் பிளிக்ஸ்' என்னும் போட்டியை அறிவித்தனர். அன்பர்கள் 30 வினாடி விளம்பரப் படங்களைத் தாமே எடுத்து அனுப்பினர். பெருநிறுவனம் பணத்தால் செய்வதை இவர்கள் உழைப்பால் செய்தனர். தாம் கையாண்டு பயன்கண்ட பொருளைப் பற்றியே பேசியதால், அவர்தம் சொல்லுக்கு அண்டைவீட்டார் சொல்லுக்குரிய மதிப்பு இருந்தது.

அவ்வுலாவி தமிழிலும் கிடைக்கிறது; தமிழாக்கியோரும் தொண்டர்களே. ஆயினும் அதை அறிந்தோர் நம் இல்லங்களில் எத்தனை பேர்? நம் குழந்தைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். கணிப்பொறியிலோ தமிழெழுத்தைக் காண்பதில்லை. விவரம் தெரிந்த இளைஞர்கள், அதைத் தமிழுக்கு மாற்றும் முறையைக் கைபேசியில் அரை நிமிடப் படமாக்கித் தருவார்களாயின், அடுத்த மாதக் கூட்டத்தில் அனைவரும் கண்டு பயனடையலாம்.