சனையாவிலும் சீமைக்கருவை

தோஹா தொழில்பேட்டையை நாங்கள் சனையா என்றுதான் சொல்வோம். எங்கள் கேரேஜின் பின்சுவரோரம், ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில், யாரும் நடாத மரம் ஒன்று நிற்கிறது. கமுதியிலிருந்து புதிதாக வந்த தம்பி பார்த்துவிட்டு, "அண்ணே, நம்ம ஊர்ச் சனியன் இங்கேயுமா?" என்றான். ஆமாம், அதே சீமைக்கருவைதான்.

உண்மையில் அது நம் ஊர் மரமும் இல்லை. பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1877இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்துக் கடப்பையில் நட்டார்கள். ராமநாதபுரத்தில் விறகுக்காகப் பரப்பினார்கள், வளைகுடாவில் பாலைவனத்தைப் பச்சையாக்க வைத்தார்கள். நட்டது மனிதன்தான். இப்போது பருவநிலை மாற்றம் அதற்குத் தோள் கொடுக்கிறது.

காற்றில் கரியமிலவாயு கூடும்போது இந்த மரம் இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தே வளரும். தண்ணீர்ச் செலவு மிச்சம். வெயில் காலம் நீண்டால் மேல்வேர்ப் புல் கருகும். ஆழவேர் விட்ட கருவை அசையாது. மழையோ வராமலே இருந்து ஒரே நாளில் கொட்டுகிறது. 2024 ஏப்ரல் 16 அன்று அமீரகத்தின் அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் 254 மில்லிமீட்டர்! கெட்டித்தோல் விதைகள் அப்படியொரு நனைப்புக்காக ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடக்கும். வெள்ளம் நெற்றுகளை அடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் சேர்க்கும். மிச்சத்தை ஆடும் ஒட்டகமும் தின்று, சாணத்தோடு விதைத்துவிடும்.

அமீரகத்தின் தேசிய மரமான காஃப் நம்முடைய வன்னிதான். சீமைக்கருவைக்கு உறவுக்காரன், ஆனால் பொறுமைசாலி, மெதுவாகத்தான் வளரும். நிலத்தடி நீர் இறங்கும் ஊரில் அவசரக்காரனோடு போட்டி போட அதற்குத் தெம்பில்லை.

கத்தாரில் சுற்றுச்சூழல் அமைச்சகமே இம்மரங்களை அகற்றிவருகிறது. தமிழ்நாடு அரசும் 2022இல் அந்நியத் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டது. ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் பிடுங்கு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் அத்தை இந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அவர் மாதிரி ஆட்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டிவிட்டுக் கையை வைக்கட்டும்.

ஊரில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மேலே வெட்டினால் தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்க்கும். நெற்று பழுக்குமுன் ஜேசிபி விட்டு வேர்த்தூரோடு எடுங்கள். அந்தக் குழியிலேயே வேம்போ வன்னியோ வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு முளைக்கும் கன்றுகளைப் பிடுங்க, ஊரில் இருக்கும் யாரிடமாவது இப்போதே சொல்லி வையுங்கள்.